இல்லத்து நினைவுப் பேழை பழுதுற்றால்...

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிற்கும் நாயக்கர் காலச் சிற்பங்களைக் கண்டவர்கள், கல்லிலே பதித்தது காலத்தை வெல்லும் என்பதை எளிதில் உணர்வர். கல்லிலே செதுக்க நாளாகும், பொருள் செலவாகும், ஆயினும் செதுக்கியது நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். கல்லோடு ஓலையும் வழங்கிற்று. ஓலைக்குப் பின் தாள் வந்தது. தாளுக்குப் பின் இன்று கணிப்பொறி வந்திருக்கிறது. எழுதுவது எளிதாக எளிதாக, எழுதியதன் ஆயுள் குறைந்துகொண்டே வருவது விந்தையன்றோ!

நம் இல்லங்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தாத்தா பாட்டியின் திருமணப் படம் சட்டமிட்ட கண்ணாடிக்குள் சுவரில் தொங்குகிறது. பிள்ளைகளின் புதுநன்மைப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. ஆனால், பேரப்பிள்ளைகளின் படங்கள் எங்கே? பத்து, பதினைந்து ஆண்டுகளாக எடுத்த படங்களில் பெரும்பாலானவை தாளுக்கு வந்ததே இல்லை. அவை கைப்பேசியிலோ, கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டிலோ அடைபட்டுக் கிடக்கின்றன. பத்திரத்தின் நகல், மகளின் ஆராய்ச்சிக் கட்டுரை, கடைக் கணக்கு ஆகியவையும் அதே பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டி ஒருநாள் திறக்க மறுத்தால் யாது செய்வது? இதனை ஒவ்வொரு குடும்பமும் முன்னதாகவே அறிந்திருத்தல் நலம்.

பெட்டிக்குள் நடப்பது யாது?

உலகின் முதல் வணிக வன்தட்டை 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய அந்தப் பெரும்பொறியில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் சேமிக்க முடிந்தது. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரேயொரு தெளிவான படத்திற்கே அந்த அளவு இடம் தேவைப்படக்கூடும்.

உருவம் சிறுத்ததே தவிர, அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள வழவழப்பான தட்டுகள் உள்ளே சுழலுகின்றன. மேசைக் கணிப்பொறியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். அப்பொழுது தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. திண்டுக்கல் நாற்கரச் சாலையில் செல்லும் பேருந்தைவிட மிகுந்த வேகம் இது! அந்தத் தட்டின்மீது, அதைத் தொடாமல், ஒரு நுண்ணிய படிப்புமுனை மிதக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அவற்றுள் சில பகுதிகளே. சாதாரணத் தூசித் துகளொன்று அதன்முன் பெரும்பாறை போன்றது. 500 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு வன்தட்டில் 4 லட்சம் கோடி காந்தப் புள்ளிகளுக்குரிய செய்தி அடங்கியிருக்கிறது. இத்துணை நுட்பமான பொருளை நாம் பையில் போட்டு, இருசக்கர வண்டியில் குலுக்கிக்கொண்டு திரிகிறோம்!

அறிகுறிகள்

வன்தட்டு பழுதுறுவதில் இரு வகை உண்டு. முதல் வகையில் தட்டு நலமாக இருக்கும். அதிலுள்ள பொருளடக்க அட்டவணை மட்டும் குலைந்திருக்கும். ஒரு நூலின் உள்ளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டால், நூல் அப்படியே இருந்தும் எந்த அதிகாரம் எங்கே என்பது தெரியாமற் போகுமல்லவா? தவறுதலாக அழித்த கோப்புகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. நாம் 'அழி' என்று சொல்லும்பொழுது, பழைய வன்தட்டு அட்டவணையில் ஒரு குறியை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. வேறொன்றை அவ்விடத்தில் எழுதும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும்.

இரண்டாம் வகையில் உறுப்புகளே கெடுகின்றன. கோப்பைத் திறக்க நெடுநேரம் பிடிப்பது, கணிப்பொறி இடையிடையே உறைந்து நிற்பது, சில படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் தெரிவது ஆகியவை தட்டின் சில பகுதிகள் நலிந்துவிட்டன என்பதைக் காட்டும். 'டக்... டக்' என ஒரே சீராக ஒலி கேட்டால், படிப்புமுனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறுகிறது என்று கொள்ளலாம். உராயும் ஒலி கேட்டாலோ, முனை தட்டையே சுரண்டிக்கொண்டிருக்கக் கூடும்.

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்றொரு ஏற்பாடும் உண்டு. படிக்க இயலாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகள் எத்தனை, மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை என்பவற்றை இலவச மென்பொருள் ஒன்றால் பார்த்துவிடலாம். கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தட்டைத் தானே சோதிக்கையில் முதற்பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாள்களுக்குள் பழுதுறும் வாய்ப்பு, பிழை தோன்றாததைப்போல் 39 மடங்கு என்று கண்டனர். ஆகவே, எச்சரிக்கை வந்தால் அன்றே பிரதி எடுத்துவிட வேண்டும். ஆனால், அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது: பழுதுற்றவற்றுள் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்னதாகக் காட்டவில்லை. எச்சரிக்கை வரும்வரை காத்திருப்போம் என்பார் ஏமாறுவர்.

முதலுதவி

பழுது கண்டதும் செய்ய வேண்டிய முதற்செயல், ஒன்றும் செய்யாதிருத்தல். அதாவது, அந்த வன்தட்டில் புதிதாக எதையும் எழுதாமல் பொறியை நிறுத்திவிட வேண்டும். மீட்பதற்கான மென்பொருளையும் அதே தட்டில் இறக்கலாகாது; இறக்கினால், மீட்க வேண்டிய கோப்பின்மீதே அது போய் அமர்ந்துவிடக் கூடும்.

இரண்டாவதாக, எளிய காரணங்களைச் சோதிக்க வேண்டும். வன்தட்டு கெட்டுவிட்டதாகக் கருதப்படும் சமயங்களில், கெட்டது வெறும் இணைப்புக் கம்பியாகவோ மின்வழங்கியாகவோ இருப்பதுண்டு. கம்பியை மாற்றுக, வேறு துளையில் பொருத்துக, வெளிப்பெட்டியில் உள்ள வன்தட்டானால் வேறு பெட்டியில் இட்டுப் பார்க்க. ஆனால் 'டக்... டக்' ஒலி கேட்டாலும், கீழே விழுந்த தட்டாக இருந்தாலும் இந்தச் சோதனையும் வேண்டா. மின்சாரம் பாயும் ஒவ்வொரு நொடியும் சேதத்தை மிகுவிக்கும்.

மூன்றாவதாக, தட்டு இன்னும் இயங்குமானால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திறக்காமல், தட்டு முழுவதையும் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு புதிய தட்டில் பிரதி எடுக்க வேண்டும். இதற்கென்றே 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் முறை அறிவார்ந்தது. முதற்சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் விரைந்து எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிச் செல்லும். நலமானவற்றை எல்லாம் கரை சேர்த்த பின்னரே, விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறிது சிறிதாகச் சுரண்டும். வெள்ளத்தில் சிக்கிய வீட்டிலிருந்து முதலில் ஆள்களையும், பிறகே பெட்டி படுக்கைகளையும் வெளியேற்றுவது போன்ற முறை இது. பிரதி கிடைத்தபின், மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, 'டெஸ்ட்டிஸ்க்', 'போட்டோரெக்' போன்ற மென்பொருள்களைக் கொண்டு பிரதியில் மட்டுமே மீட்பு வேலை நடைபெற வேண்டும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

நமது பங்கைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் ஒரு மாலை மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தனர். தாயார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுத் திருப்பலிக்காக அவருடைய படமொன்றைப் பெரிதாக்க எண்ணியிருக்கின்றனர். கணினியோ அரை மணி நேரமாகியும் திறக்கவில்லை. 500 ஜி.பி. வன்தட்டு, அதற்கு வேறு பிரதி இல்லை. தாயாரின் இறுதி ஆண்டுகளின் படங்களோடு, அவர் பேரக் குழந்தையை உறங்கவைக்கப் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும் அதில்தான் இருந்தது. கடையொன்றில், 'பார்மட் செய்து, புதிதாக எல்லாம் ஏற்றித் தருகிறோம்' என்றார்களாம். கணினி மீண்டும் ஓடும். தாயாரின் குரல் மீளுமா?

"சாமி, இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துருவோம். சில நேரம் வந்துருது" என்றார் அண்ணன். தம்பியோ, "வேண்டாண்ணே, தொடாதீங்க" என்று கணினியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவர் கண்ணிலும் நீர். ஒருவர் ஆசையினாலும் ஒருவர் அச்சத்தினாலும் பேசினர். பொறியியல் பயிலும் பங்கு இளைஞர் ஒருவரை நாம் அழைத்தோம். வன்தட்டின் உடற்குறிப்பைப் படித்தபொழுது, படிக்க இயலாத பகுதிகள் பல இருப்பது தெரிந்தது. ஆனால் 'டக்' ஒலி இல்லை; தட்டு சீராகவே சுழன்றது. ஆகவே, பிரதி எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் திண்டுக்கல்லில் 1 டி.பி. கொள்ளளவுள்ள புதிய வன்தட்டு வாங்கி வந்தனர். பழைய தட்டை மடிக்கணினியினின்று கழற்றி, லினக்ஸ் ஏற்றிய வேறு கணிப்பொறியில் அந்த இளைஞர் இணைத்தார். விண்டோஸில் இணைத்தால், அது தானாகவே தட்டைத் திருத்தத் தொடங்கிவிடலாம் என்பது காரணம். இரவில் மின்தடை ஏற்பட்டால் வேலை இடையில் நிற்காதிருக்க மின்சேமிப்புக் கலனும் வைக்கப்பட்டது. முதற்சுற்று ஓர் இரவில் முடிந்தது. எஞ்சிய சிறு சிறு இடைவெளிகளைச் சுரண்டி எடுக்க மேலும் ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. அதற்கும் அசையாத பகுதிகளை விட்டுவிடுவது என்று இளைஞர் கூறியபோது, அண்ணன் மீண்டும் ஒருமுறை முயலக் கெஞ்சினார். எனினும், தாலாட்டு இருந்த இடம் இன்னதென்று அறியாமல் நலிந்த தட்டைத் தொடர்ந்து வருத்துவதில் பயனில்லை என்று விளக்கவே, இசைந்தார்.

பிரதியிலிருந்து கோப்புகள் வெளிவந்தன. ஆனால், அட்டவணை குலைந்த பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை பெயரிழந்து வெறும் எண்களாக வந்தன. ஆயிரக்கணக்கான எண்கள்! குடும்பத்தார் ஞாயிறு பிற்பகலெல்லாம் கூடி அமர்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, இது வேளாங்கண்ணிப் பயணம், இது தம்பியின் திருமணம் என்று பிரித்தெடுத்தனர். சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பலாய்ப் போயிருந்தது. தாலாட்டும் கிடைத்தது, ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடலில் முதல் இரண்டு நிமிடங்கள் மட்டும். பாடலின் இறுதி அடிகள் போனது போனதுதான். அதைக் கேட்ட வீட்டின் மூத்த பெண்மணி, விட்டுப்போன அடிகளைத் தாமே மெல்லப் பாடி முடித்தார். அவருக்கு அது மனப்பாடமாயிருந்தது. பாடி முடித்ததும், தம்பி கைப்பேசியை எடுத்து, "பெரியம்மா, இன்னொரு முறை பாடுங்க" என்றார்.

வானிலிருந்து விழுந்த வன்தட்டு

வீட்டில் தீராத பழுதை ஆய்வுக்கூடத்தில் தீர்க்க இயலும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் 'கொலம்பியா' விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்புகையில் டெக்சாஸ் மாநிலத்தின் மேல் சிதறியது. நம் நாட்டின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிர்நீத்தனர். செனான் வாயுவின் பாகுநிலையை ஆராய அந்த ஓடத்தில் நடந்த சோதனையின் முடிவுகள் ஒரு வன்தட்டில் இருந்தன. அது வானிலிருந்து விழுந்து, வற்றிய ஏரிப்படுகையொன்றில் மாதக்கணக்கில் கிடந்தது. கண்டெடுத்தபோது, கருகி, காப்பு உருகி, உள்ளே மண் புகுந்திருந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மீட்புக்கூடமொன்றின் பொறியாளர்கள் அதன் தட்டுகளை வெளியே எடுத்து, இரசாயனக் கரைசலால் தூய்மை செய்து, வேறொரு வன்தட்டின் உடலில் பொருத்தினர். ஏறத்தாழ 99 விழுக்காடு தகவல் மீண்டது! தட்டில் பாதி அளவே எழுதப்பட்டிருந்ததும், அது சிதறாமல் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்ததும், சேதம் பெரும்பாலும் எழுதாத பகுதியில் நேர்ந்திருந்ததும் பேருதவியாயின. ஆய்வின் முடிவு 2008-இல் அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. ஆனால், அதே ஓடத்திலிருந்து கண்டெடுத்த வேறு இரு வன்தட்டுகளிலிருந்து எதுவும் மீளவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நெருப்பில் விழுந்தும் பிழைத்ததுண்டு. மேசையினின்று விழுந்து மடிந்ததும் உண்டு.

செய்யத் தகாதவை

வன்தட்டை வீட்டில் திறந்து பார்த்தல் அறவே கூடாது. மீட்புக்கூடத்தில் தூசி வடிகட்டிய காற்றுள்ள அறையில்தான் அதைத் திறப்பர். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் சரியாகும் என்று சொல்வார் சொல் கேட்க வேண்டா. வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும். 'செக்டிஸ்க்' போன்ற திருத்தும் கட்டளைகளைப் பிரதி எடுக்குமுன் ஓட்டலாகாது; அவை நலிந்த தட்டிலேயே எழுதித் திருத்துவதால், எஞ்சியதையும் மாற்றிவிடக் கூடும். அதே மாதிரி வன்தட்டின் மின்பலகையை எடுத்து மாட்டினால் போதும் என்பதும் இப்பொழுது பெரும்பாலும் பொருந்தாது. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய தனிக்குறிப்புகள் அதன் பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கின்றன. வெள்ளத்தில் நனைந்த தட்டை வெயிலில் உலர்த்தவும் கூடாது, மின்சாரம் கொடுக்கவும் கூடாது. சேறு காய்ந்தால் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே பையிலிட்டு மூடி மீட்புக்கூடத்துக்கு விரைந்து அனுப்ப வேண்டும்.

மீட்புக்கூடத்தை நாடும்பொழுது, சோதனைக் கட்டணம் எவ்வளவு, ஒன்றும் மீளாவிடில் பணம் தரவேண்டுமா, மீளக்கூடிய கோப்புகளின் பட்டியலை முன்னதாகக் காட்டுவார்களா, குடும்பப் படங்களின் அந்தரங்கம் காக்கப்படுமா என்பவற்றைக் கேட்டறிந்து எழுத்தில் பெறுக. புதுவகை எஸ்.எஸ்.டி. தட்டுகளில் சுழலும் உறுப்பில்லை. ஆதலின் அதிர்ச்சியைத் தாங்கும். எனினும், அழித்த கோப்பின் இடத்தை அவை தாமாகவே துடைத்துவிடுவதால், மீட்பது பெரிதும் அரிது. மின்சாரமின்றி நெடுங்காலம் பேழையில் கிடந்தாலும் அவற்றின் நினைவு மங்கக் கூடும். ஆகவே, 'புது வகை வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை' என்றிருத்தல் தகாது.

பல பிரதிகளே பாதுகாப்பு

பிரதியின் அருமையை நம் தமிழ் வரலாறே புகட்டுகிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அதற்காக ஊர் ஊராய்ச் சென்று ஏடு தேடினார். ஓர் ஏட்டில் செல்லரித்த வரி மற்றோர் ஏட்டில் முழுமையாய் இருந்தது. ஒன்றில் மங்கிய எழுத்து வேறொன்றில் விளங்கிற்று. பல பிரதிகளை ஒப்புநோக்கியே அவர் பாடல்களை மீட்டார். பல ஊர்களில் பலர் பிரதி எழுதி வைத்திராவிடில், அவர் உழைப்பும் பயன்பட்டிராது. மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. எந்த மீட்புக்கூடமும் அவற்றை மீட்டுத் தர இயலாது. 2005-இல் ஈழத்தமிழர் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம், எஞ்சிய நூல்களைப் பிரதி எடுத்துக் காக்கும் பணியைச் செய்துவருகிறது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் பேணப்பட வேண்டுமென்றும், பழைய ஏடுகள் கருத்தாய்க் காக்கப்பட வேண்டுமென்றும் பணிக்கிறது. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிவைப்பது தேடுவதற்கு மிக வசதி. ஆயினும், தாளேட்டைத் தள்ளிவிட்டு வன்தட்டை மட்டும் நம்புதல் ஆகாது. தாளேட்டைப் படிக்க மின்சாரமும் வேண்டா, மென்பொருளும் வேண்டா.

குடும்பங்களுக்கு ஓர் எளிய விதி உண்டு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்தது அது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டிற்கு வெளியே. கணிப்பொறியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மற்றொன்று இணையச் சேமிப்பிலோ, வேற்றூரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டிலோ இருக்கட்டும். பிரதி எடுத்ததும் அதை அலமாரியில் பூட்டிவைத்து மறந்துவிடாமல், மாதத்திற்கு ஒருமுறை புதுப்பித்து, அதிலுள்ள சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று சொல்வதற்கில்லை. மிக அருமையான பத்துப் படங்களையேனும் ஆண்டுதோறும் தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் வைத்தல் நன்று.

பூட்டுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற திண்டுக்கல் பூட்டை எவ்வளவு உறுதியாகச் செய்தாலும், அதனோடு சாவி ஒன்றுக்கு இரண்டாகவே கொடுப்பர். ஒன்று இடுப்பில் இருந்தால், மற்றொன்று நம்பிக்கைக்குரிய வேறிடத்தில் இருக்கும். பூட்டின் மேலுள்ள ஐயத்தினால் செய்யும் ஏற்பாடன்று அது. மனிதரின் மறதியையும் காலத்தின் போக்கையும் அறிந்து செய்யும் ஏற்பாடு. நம் குடும்ப நினைவுகளுக்கும் அந்த மாற்றுச் சாவி உண்டா? இவ்விதழை மூடிவைத்ததும், வீட்டிலுள்ள பிள்ளைகளை அழைத்து, "பாட்டியின் படங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓர் இடத்தில்தான்" என்ற விடை வருமானால், இன்றிரவே இரண்டாவது இடத்தைத் தேடுங்கள்.